முதல் வேலையை விடலாமான்னு கேட்ட நர்ஸ் தங்கச்சிக்கு

வந்த கடிதம்:

"அக்கா, எனக்கு 22 வயசு. பாபநாசம் பக்கம் கிராமம். பிஎஸ்சி நர்சிங் முடிச்சு கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷனும் வாங்கிட்டேன். கும்பகோணத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஸ்டாப் நர்ஸா சேந்து அஞ்சு மாசம் ஆகுது. 60 பெட். சம்பளம் 11,500. ரெண்டு வருஷம் பாண்டு, நடுவுல போனா 50,000 கட்டணும்னு எழுதி வாங்கிட்டு ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் ஆபீஸ்ல வெச்சிருக்காங்க. சேந்த நாலாவது நாளே தனியா டியூட்டி போட்டாங்க. நைட்ல மாடி முழுக்க 20, 22 பேஷன்ட், நானும் ட்ரெய்னிங் எதுவும் இல்லாத ஒரு பொண்ணும்தான். இன்சார்ஜ் சிஸ்டர் பேஷன்ட் முன்னாடியே 'காலேஜ்ல என்னத்த படிச்ச'ன்னு கத்துறாங்க. அறுப்பு சமயத்துல பாம்பு கடிச்ச ஒருத்தர கொண்டாந்தாங்க, மருந்து எப்படி கலக்கணும்னு கேட்டதுக்கு எல்லார் முன்னாடியும் திட்டு. ஒரு நாள் ஆன்டிபயாடிக் டோஸ் ரெண்டு மணி நேரம் லேட்டாயிடுச்சு, சரியான டைம்ல குடுத்ததா எழுதுன்னாங்க, எழுதிட்டேன். மூணு வாரம் முன்னாடி பேஷன்ட்டுக்கு போட்ட ஊசி என் கையில குத்திடுச்சு, கழுவிட்டு போய் வேலைய பாருன்னாங்க. டியூட்டிக்கு கெளம்பும்போதே வயித்த கலக்குது, பஸ்ல அழுதுக்கிட்டே போறேன். அம்மா ஒரு வருஷமாவது பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்குறாங்க. அப்பா குத்தகை வெவசாயம், படிப்பு லோன் வேற இருக்கு. விட்டுடலாமா? விட்டா இனிமே யாரும் வேலை தரமாட்டாங்களா? இல்ல நான் நர்ஸ் வேலைக்கே லாயக்கில்லையா? உங்க தங்கச்சியா நெனச்சு சொல்லுங்க."

மா, வேலையை விடுறதா வேணாமாங்கறத அப்புறம் பேசுவோம். முதல்ல அந்த ஊசி. கடுதாசில கடைசிப் பக்கமா ஒரு வரில சொல்லிட்டு போயிட்ட, எனக்கு அதப் படிச்சதும் மத்ததெல்லாம் பின்னாடி போயிடுச்சு. நாளைக்கே கும்பகோணம் அரசு தலைமை மருத்துவமனைக்கு போ, அங்க நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்ட் இலவசம், ரகசியமா வெப்பாங்க. ஹெபடைடிஸ் பி, சி ரெண்டும் சேத்து பாரு. ஊசி குத்தி 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் எச்ஐவி தடுப்பு மாத்திரைக்கு அர்த்தம், முடிஞ்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே, அப்புறம் 28 நாள் விடாம சாப்பிடணும். அந்த நேரம் தாண்டிப் போச்சு, அதனால இப்ப ஒரு டெஸ்ட், ஆறு வாரத்துல, மூணு மாசத்துல, ஆறு மாசத்துல திரும்ப. பயந்து தூக்கத்த விடாத, எச்ஐவி இருக்குற பேஷன்ட்டோட ஊசியே குத்துனாக்கூட தொத்துறது ஆயிரத்துல மூணு பேருக்குத்தான். ஆனா ஹெபடைடிஸ் பி அப்படி இல்ல, தடுப்பூசி போடாதவங்களுக்கு அது ரொம்ப சுலபமா ஒட்டும். காலேஜ்ல மூணு டோஸும் போட்டியா, இல்ல ரெண்டோட விட்டுட்டியான்னு யோசிச்சுப் பாரு, போட்டிருந்தாலும் ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எவ்வளவுன்னு காட்டுற ஆன்டிபாடி டைட்டர் ஒரு தடவ பாத்துடு, 10க்கு மேல இருந்தா நிம்மதி. அந்த பேஷன்ட் யாருன்னு ஞாபகம் இருந்தா அவரோட கேஸ் ஷீட்ல எச்ஐவி, ஹெபடைடிஸ் பாக்குற வைரல் மார்க்கர் ரிசல்ட் இருக்கான்னு டியூட்டி டாக்டர் மூலமா கேளு. குத்துனது எந்த தேதி, யார்கிட்ட சொன்ன, என்ன பதில் வந்துச்சு, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி வெச்சுக்க.

இத முதல்ல சொன்னதுக்கு உன் உடம்பு ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கு, அதுக்கு கொஞ்சம் கழிச்சு வர்றேன்.

லாயக்கில்லையான்னு கேட்டிருக்க பாரு, அதுக்கு பதில் சொல்லிடுறேன். நான் டெல்டாவுல அரசு ஆஸ்பத்திரிகள்ல ஸ்டாப் நர்ஸா இருந்து நர்சிங் சூப்பரிண்டெண்டா ரிட்டயர் ஆனவ, என் கைக்கு கீழ புதுசா வந்த பொண்ணுங்க எத்தனையோ பேரு. முதல் ஆறு மாசம் அழாதவங்கள நான் பாத்ததே இல்லன்னு சொல்லலாம், அதுல சில பேரு என் முன்னாடி அழுவாங்க, சில பேரு பாத்ரூம்ல போய் அழுதுட்டு மூஞ்சி கழுவிட்டு வருவாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். மார்லின் கிரேமர்னு ஒரு அமெரிக்க நர்சிங் ஆராய்ச்சியாளர் 1974லயே இதப் பத்தி விரிவா எழுதி ரியாலிட்டி ஷாக்னு பேரும் வெச்சாங்க. காலேஜ்ல ஒரு பேஷன்ட்ட எடுத்து ரெண்டு நாள் கேர் பிளான் எழுதுவோம், வார்டுக்கு வந்தா ஒரே நேரத்துல எட்டாம் பெட்டுக்கு டிரிப்ஸ் தீந்துடுச்சு, பதினோராம் பெட் அம்மாவுக்கு மூச்சு வாங்குது, கீழ இருந்து புது அட்மிஷன் ஏத்துறாங்க, பேஷன்ட் கூட வந்த அட்டெண்டர் ஒருத்தர் டிஸ்சார்ஜ் எப்பன்னு பின்னாலயே வர்றாரு. படிச்ச படிப்புக்கும் கையில இருக்குற நேரத்துக்கும் நடுவுல இருக்குற அந்த தூரம்தான் உன்னைய இப்ப வாட்டுது. உங்க அப்பாகிட்ட கேளு, நாத்தங்கால்ல இருந்து பறிச்சு நட்ட பயிர் பச்சை புடிக்க கொஞ்ச நாள் ஆகும், அது வரைக்கும் வாடித்தான் நிக்கும், அதப் பாத்து யாரும் நாத்து சரியில்லன்னு பிடுங்கிப் போடமாட்டாங்க.

கை தடுமாறுறது, டிரிப்ஸ் ஏத்துற வென்பிளான் ஊசிய ரெண்டு தடவ குத்தியும் வெயின் கிடைக்காதது, அடுத்த டியூட்டி நர்ஸ்கிட்ட ஓவர் குடுக்கும்போது ஒரு பேஷன்ட்ட விட்டுட்டு அப்புறம் ஞாபகம் வர்றது, வீட்டுக்கு போயி படுத்ததும் அந்த ஊசி போட்டேனா போடலையான்னு எந்திரிச்சு உக்கார்றது, இது எல்லாம் போயிடும். ஒரு வருஷத்துல பாதி போயிடும், ரெண்டு மூணு வருஷத்துல ஒரு வார்டுக்குள்ள நுழைஞ்சதுமே எந்த பெட்ல பிரச்சனைன்னு கண்ணு போயி நிக்கும். இதுக்காக வேலைய விடணும்னு நெனச்சா வேணாம், எங்க போனாலும் இது கூடவேதான் வரும், சென்னைக்குப் போனாலும் வரும், பெங்களூருக்குப் போனாலும் வரும்.

பாம்புக்கடி விஷயத்துல நீ கேட்டது நூத்துக்கு நூறு சரி. தெரியாம கலக்குறதுதான் தப்பு. நம்ம பக்கம் சம்பா அறுப்புல வயல்ல கைய வெக்கும்போது கண்ணாடி விரியன், ராத்திரி தரையில பாய் விரிச்சுப் படுத்தவங்களுக்கு கட்டுவிரியன், இது இங்க ஒவ்வொரு வருஷமும் வர்ற கேஸ், ஒவ்வொரு புது நர்ஸுக்கும் சேந்த முதல் வாரத்துலயே உக்கார வெச்சு சொல்லித் தந்திருக்கணும். உனக்கு யாரும் சொல்லலங்கறதால நான் சொல்றேன், நோட்டுல எழுதிக்க. விஷமுறிவு மருந்து சின்ன குப்பில பவுடரா வரும், அதத்தான் வயல்னு சொல்லுவோம், ஒவ்வொன்னுலயும் கூடவே இருக்குற 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர விட்டு மெதுவா சுழட்டிக் கரைக்கணும், போட்டுக் குலுக்கக் கூடாது, நுரைச்சுடும். ஆரம்ப டோஸ் பெரும்பாலும் 10 வயல், டாக்டர் ஆர்டர் படி சலைன்ல சேத்து ஒரு மணி நேரத்துல ஓட்டுவாங்க, சின்னக் குழந்தையா இருந்தாலும் மருந்து அதே அளவுதான், விஷம் ஆளப் பாத்து அளவா ஏறுறதில்ல. மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அலர்ஜி வந்தா போடுற அட்ரினலின் சிரிஞ்சுல எடுத்து பக்கத்துல ரெடியா இருக்கணும், முதல் பதினஞ்சு இருபது நிமிஷம் பேஷன்ட் பக்கத்த விட்டு நகரக்கூடாது, அரிப்பு, வாந்தி, நடுக்கம், பிபி இறங்குறது, இதுல எது வந்தாலும் நிறுத்திட்டு டாக்டர கூப்புடு. ரத்தம் உறையுதான்னு பாக்க சுத்தமான காஞ்ச கண்ணாடி டியூப்ல 2 மில்லி ரத்தம், 20 நிமிஷம் தொடாம வெச்சுட்டு அப்புறம் சாய்ச்சுப் பாக்கணும். பிளாஸ்டிக் டியூப் உதவாது. கட்டுவிரியன்ல கடிச்ச எடம்கூட சில சமயம் தெரியாது, வயித்து வலின்னுதான் வருவாங்க, இமை சொருக ஆரம்பிச்சா உடனே மூச்சப் பாரு. இவ்வளவுதாம்மா, இத நிதானமா சொல்ல அஞ்சு நிமிஷம் போதும், அந்த அஞ்சு நிமிஷத்த உனக்கு தராம எல்லார் முன்னாடியும் திட்டுனது யாரு தப்புன்னு நீயே சொல்லு.

இப்ப நெஜமான விஷயத்துக்கு வர்றேன். உன் கடுதாசில ரெண்டு தனித்தனி சங்கதி ஒன்னா கலந்து கெடக்கு. ஒன்னு கஷ்டம், இன்னொன்னு ஆபத்து. ரெண்டுமே நைட் டியூட்டி முடிச்சு பஸ்ல உக்காரும்போது ஒரே அழுகையாத்தான் வரும், அதனால உனக்கு பிரிச்சுப் பாக்க முடியல. கஷ்டத்துக்காக விடாதன்னு மேல சொன்னேன். ஆபத்துக்காக விடலாம், விடணும்.

ஒரு மாடி முழுக்க 22 பேஷன்ட்ட அஞ்சு மாச நர்ஸ் ஒருத்தி தனியா பாக்குறதுங்கறது கஷ்டம் இல்ல, ஆபத்து. சாதாரண வார்டுல ஆறு பேஷன்ட்டுக்கு ஒரு நர்ஸ், வென்டிலேட்டர்ல இருக்கறவங்களுக்கு ஆளுக்கு ஒரு நர்ஸ்ங்கறது நம்ம நாட்டுலயே எழுதி வெச்சிருக்குற கணக்கு. அரசு ஆஸ்பத்திரிலயும் இந்தக் கணக்கு பல எடத்துல உடைஞ்சுதான் கெடக்கு, அத நான் மறைக்கல, தஞ்சாவூர் மெடிக்கல்ல மெடிசின் வார்டு பாத்தவங்களுக்கு தெரியும், தரையில பாய் போட்டு படுத்திருப்பாங்க. ஆனா அங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தா கேக்க ஆளு இருக்கும், பக்கத்து வார்டுல சீனியர் சிஸ்டர் இருப்பாங்க, ஹவுஸ் சர்ஜன் இருப்பாரு, பிஜி டாக்டர் இருப்பாரு. உன் மாடில யாரு இருக்கா? ட்யூட்டி டாக்டர் கீழ கேஷுவாலிட்டில, அவர போன்ல புடிக்கணும். புதுசா வந்தவளுக்கு வேலை பளுவ விட, கேக்க ஆளில்லாததுதான் பெரிய குறை. பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல நேரா வெயின்ல ஏத்துனா இதயம் நின்னுடும்னு நமக்கு பாடத்துல தெரியும், ஆனா தூக்கமில்லாத நாலு மணிக்கு அதே சைஸ்ல இன்னொரு ஆம்பியூல் பக்கத்துலயே இருக்கும்போது அத ரெண்டாவது ஒரு ஜோடி கண்ணு பாத்து சொல்லணும், இன்சுலின் யூனிட்டயும் ரெண்டாவது ஆள் பாக்கணும். ட்ரெய்னிங் இல்லாத அந்தப் பொண்ணால அது முடியாது, பாவம் அவள சொல்லி குத்தமில்ல.

அப்புறம் அந்த ஆன்டிபயாடிக். ரெண்டு மணி நேரம் லேட்டானது பெரிய குத்தமே இல்லம்மா, 22 பேரு வெச்சிருக்கவளுக்கு லேட்டாகாம இருந்தாதான் அதிசயம். சரியான டைம்ல குடுத்ததா எழுத வெச்சாங்க பாரு, அதுதான் என்னைய உக்கார விடல. எட்டு மணி டோஸ பத்து மணிக்கு குடுத்துட்டு எட்டுன்னே எழுதிட்டா அடுத்த டியூட்டில வர்றவங்க அந்த எட்டு மணிய நம்பி அடுத்த டோஸ போடுவாங்க. எல்லா மருந்துலயும் இது பெருசா தெரியாது, ஆனா அமிகாசின், ஜென்டாமைசின், வேன்கோமைசின் மாதிரி மருந்துல டோஸ் நெருங்கி நெருங்கி வந்தா ரத்தத்துல அளவு ஏறி கிட்னிய அடிக்கும், வயசானவங்களுக்கு காதையும் அடிக்கும். நாளைக்கு அந்தக் குடும்பம் கன்சியூமர் கோர்ட்டுக்கு போனா கேஸ் ஷீட்ல இருக்குறது உன் கையெழுத்து, இன்சார்ஜ் சொன்னாங்கங்கறதுக்கு அங்க எந்த அடையாளமும் இருக்காது. இனிமே லேட்டானா லேட்டுன்னே எழுது: எந்த மணி டோஸ் எத்தன மணிக்கு குடுக்கப்பட்டது, என்ன காரணம், எந்த டாக்டருக்கு எத்தன மணிக்கு சொல்லப்பட்டது. மூணு வரி. அத எழுதக் கூடாதுன்னு யாராவது சொன்னா, அவங்களயே எழுதி கையெழுத்து போடச் சொல்லு, மரியாதையா சொல்லு, ஆனா உன் பேனாவ குடுக்காத. எழுத மாட்டேன்னதும் திட்டுவாங்க, திட்டு வாங்கிக்க.

இப்ப அந்த ஊசிக்கு வர்றேன். ரத்தம் பட்ட ஊசி ஒரு நர்ஸு கையில குத்துனா என்ன பண்ணணும்னு ஒரு ஆஸ்பத்திரிக்கு தெரியலன்னா, இல்ல தெரிஞ்சும் பண்ணலன்னா, அந்த எடம் தன்கிட்ட வேலை பாக்குற பொண்ண என்னவா நெனைக்குதுன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. தனியா டியூட்டி, பொய் எழுத்து, ஊசிக்கு பதில் இல்லாதது, இந்த மூணும் சேந்து இருக்குற எடத்துல ஒரு வருஷம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. நீ அங்க இருந்து வெளிய வரணும். இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இன்சார்ஜ் சிஸ்டர் கத்துறது மட்டும்தான் பிரச்சனைன்னு நீ எழுதியிருந்தா வேற மாதிரி பதில் சொல்லியிருப்பேன். கத்துற சீனியர்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்க நெறைய பேரு இருக்காங்க, சில பேரு கத்திட்டு கூடவே நின்னு கையப் புடிச்சு சொல்லியும் தருவாங்க. உன் இன்சார்ஜ் சொல்லித் தராம கத்துறாங்க. அவங்களும் பத்து பேரு செய்யுற வேலைய நாலு பேர வெச்சு ஓட்டுறவங்களா இருக்கலாம், மேல இருந்து வர்ற அழுத்தம் அவங்க வழியா உன் மேல விழுது. அதுக்காக பேஷன்ட் முன்னாடி மானத்த வாங்குறது நியாயம் ஆயிடாது. ஒரே ஒரு தடவ தனியா இருக்கும்போது சொல்லிப் பாரு, "சிஸ்டர், தப்பு பண்ணுனா ரூமுக்கு கூப்பிட்டு சொல்லுங்க, திருத்திக்கிறேன், பேஷன்ட் முன்னாடி திட்டுனா அப்புறம் அவங்க என் கையால ஊசி போட்டுக்க பயப்படுறாங்க"ன்னு. இது நெஜமும்கூட. மாறலாம், மாறாமலும் இருக்கலாம்.

அம்மா சொல்ற ஒரு வருஷக் கணக்குல அர்த்தம் இல்லாம இல்ல. வளைகுடா நாடுகளுக்கு போகணும்னா பெரும்பாலும் ரெண்டு வருஷ அனுபவம் கேப்பாங்க, அந்த சர்டிபிகேட் உண்மைதானான்னு டேட்டாஃப்ளோங்குற சரிபார்ப்பு நிறுவனம் மூலமா வேலை பாத்த ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேப்பாங்க. பெரிய எடங்கள்ல இன்டர்வியூல "ஏன் அஞ்சு மாசத்துல விட்டீங்க"ன்னு கேள்வி வரும். ஆனா ஒரு எடத்துல அஞ்சாறு மாசம், அடுத்த எடத்துல ரெண்டு மூணு வருஷம்னு இருந்தா அது யாரு கண்ணையும் உறுத்தாது. வருஷத்துக்கு ரெண்டு எடம்னு தாவித் தாவி போனாதான் சந்தேகப்படுவாங்க. அதனால முதல் வேலைய விடுறதுல பயமில்ல, ரெண்டாவது வேலைய தேர்ந்தெடுக்குறதுலதான் கவனம் வேணும். இன்னொன்னு, சொல்லாம கொள்ளாம நின்னுடாத. நைட் டியூட்டிக்கு வராம போன ஆஃப் பண்ணிட்டு போன பொண்ணுங்கள பாத்திருக்கேன், அன்னிக்கு அந்த மாடில இருந்த பேஷன்ட்டுங்க என்ன பண்ணுவாங்க சொல்லு, அப்புறம் அனுபவ சர்டிபிகேட்டும் போச்சு, ரிலீவிங் லெட்டரும் போச்சு. அடுத்த வேலைக்கு ஆர்டர் கையில வந்தப்புறம், அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல நோட்டீஸ் எத்தன நாள்னு போட்டிருக்கோ அத்தன நாளும் டியூட்டி பாத்துட்டு, சரியா ஓவர் குடுத்துட்டு கெளம்பு.

பாண்டப் பத்தி ரொம்ப பயந்து போயிருக்க. 50,000னு எழுதி கையெழுத்து போட்டுட்டதால அப்படியே கட்டியாகணும்னு சட்டம் இல்ல. 1872ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்துல 74ம் பிரிவுனு ஒன்னு இருக்கு, எழுதுன தொகை எவ்வளவா இருந்தாலும் நியாயமான நஷ்ட ஈடுதான் கேக்க முடியும், அந்தத் தொகை உச்ச வரம்பு மட்டும்தான். உனக்கு ட்ரெய்னிங் தந்து செலவு பண்ணுனோம்னு அவங்க சொல்லணும், நாலாவது நாளே தனியா டியூட்டி போட்ட எடம் என்ன ட்ரெய்னிங் தந்துச்சுன்னு சொல்லும்? அதுக்குத்தான் முதல் வார டியூட்டி ரோஸ்டர போட்டோ எடுத்து வெச்சுக்கன்னு சொல்றேன், பேஷன்ட் பேரு எதுவும் அதுல விழாம பாத்துக்க. சர்டிபிகேட் விஷயம் இன்னும் தெளிவு. படிப்பு சர்டிபிகேட் விலைபேசுற சரக்கு இல்ல, அத அடமானம் மாதிரி புடிச்சு வெக்க யாருக்கும் உரிமை இல்லன்னு சென்னை உயர் நீதிமன்றம் ஒன்னுக்கு மேற்பட்ட தீர்ப்புல சொல்லியிருக்கு. முதல்ல வாயால தன்மையா கேளு, தரலன்னா எழுத்துல குடு, காப்பில சீல் வாங்கு, வாங்க மறுத்தா ரிஜிஸ்டர் தபால்ல ஒப்புதல் அட்டையோட அனுப்பு. அதுக்கும் அசையலன்னா கும்பகோணம் கோர்ட் வளாகத்துல வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு, பொண்ணுங்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவசமா வக்கீல் வெச்சுத் தருவாங்க, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். பெரும்பாலான எடத்துல வக்கீல் நோட்டீஸ் போனாலே சர்டிபிகேட் மேசைக்கு வந்துடும். இனிமே எங்க சேந்தாலும் ஒரிஜினல காமிச்சுட்டு வாங்கிட்டு வந்துடு, ஜெராக்ஸ் மட்டும் குடு.

சம்பளத்தப் பத்தியும் ஒன்னு தெரிஞ்சுக்க. 2016ல உச்ச நீதிமன்றம் சொன்னதுக்கு அப்புறம் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டுச்சு, 50 பெட்டுக்கு கீழ இருக்குற தனியார் ஆஸ்பத்திரிலகூட நர்ஸுக்கு 20,000க்கு குறையக் கூடாது, 50ல இருந்து 100 பெட் வரைக்கும் இருந்தா அரசு நர்ஸ் சம்பளத்துல கால் பங்குக்கு மேல குறையக் கூடாதுன்னு பரிந்துரை பண்ணுனாங்க. உன் 60 பெட் ஆஸ்பத்திரி ரெண்டாவதுல வருது. பரிந்துரை பரிந்துரையாவே நிக்குது, நம்ம பக்கம் சின்ன ஆஸ்பத்திரிங்க எதுலயும் அந்தத் தொகைய தர்றத நான் பாக்கல, இதுல எனக்கு ரொம்ப நாளா ஆத்திரம் உண்டு. 11,500ங்கறது உன் வேலையோட மதிப்புன்னு மட்டும் நெனச்சுடாத. சம்பள சீட்டுல இஎஸ்ஐ, பிஎஃப் பிடிக்கிறாங்களான்னு பாரு. பிஎஃப் இருந்தா அந்த யுஏஎன் நம்பரே நீ அங்க வேலை பாத்ததுக்கு ஒரு சாட்சி.

அடுத்து எங்க போறது. பாபநாசத்துல இருந்து கும்பகோணம் போறதுக்கும் தஞ்சாவூர் போறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டு பக்கமும் ரயிலும் இருக்கு பஸ்ஸும் இருக்கு. தஞ்சாவூர்லயோ திருச்சிலயோ 100 பெட்டுக்கு மேல இருக்குற, தரத்துக்கு குடுக்குற என்ஏபிஎச் அங்கீகாரம் வாங்குன ஆஸ்பத்திரி, இல்ல மெடிக்கல் காலேஜோட சேந்த ஆஸ்பத்திரியா பாரு. சம்பளம் ஆயிரம் ரெண்டாயிரம் குறைஞ்சாலும் பரவால்ல, ஹாஸ்டல் தந்தா அதுல ஈடு கட்டிக்கலாம். இன்டர்வியூக்கு போறப்ப அவங்க மட்டும் கேள்வி கேக்கணும்னு இல்ல, நீயும் கேளு. புதுசா வர்றவங்கள எத்தன வாரம் சீனியரோட போடுவீங்க? நைட்ல ஒரு நர்ஸுக்கு எத்தன பேஷன்ட்? ஊசி குத்துனா யார்கிட்ட சொல்லணும்? பாண்டு உண்டா, ஒரிஜினல் கேப்பீங்களா? இந்தக் கேள்விக்கெல்லாம் முகம் சுளிச்சா எந்திரிச்சு வந்துடு. முடிஞ்சா டியூட்டி மாறுற நேரத்துல, காலையில ஏழரை மணி வாக்குல வாசல் டீக்கடை பக்கம் நின்னு நைட் முடிச்சு வர்ற சிஸ்டருங்கள்ல ஒருத்தர்கிட்ட பேசு, அவங்க முகமே நெறைய சொல்லும். சேந்தா முதல் வருஷம் ஜெனரல் மெடிசினோ சர்ஜரியோ கேளு, எடுத்ததும் ஐசியூ வேணாம், பேஷன்ட் எப்படி கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப் போறாருங்கறத வார்டுலதான் கத்துக்க முடியும்.

அரசு வேலைக்கு படிக்கிறதையும் இப்பவே ஆரம்பி. எம்ஆர்பிங்குற தமிழக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா எடுக்குறது ஆரம்பத்துல தொகுப்பூதியம்தான், 2015ல பரிட்சை எழுதி 7,700 ரூபாய்க்கு சேந்த பொண்ணுங்க 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ் வளாகத்துல உக்காந்து போராடுனது உனக்கு ஞாபகம் இருக்கும், பர்மனென்ட் ஆக வருஷக் கணக்குல காத்திருக்கணும், தெரிஞ்சுக்கிட்டே எழுது. எய்ம்ஸுக்கு நார்செட் பரிட்சை 2020ல இருந்து நடக்குது, பிஎஸ்சி முடிச்சவங்களுக்கு அனுபவம் கேக்குறதில்ல, சம்பளம் நல்லா இருக்கும், ஆனா எங்க போடுவாங்கன்னு தெரியாது, வட இந்தியாவுக்கும் கெளம்ப தயாரா இருக்கணும். வெளிநாடுன்னா ஏஜென்ட்டு பின்னாடி போகாத, தமிழக அரசோட ஓஎம்சிஎல் நிறுவனம் 1978ல இருந்து இதுக்குன்னே இருக்கு, அங்க கேளு.

கெளம்புற வரைக்கும் இருக்குற நாட்கள வீணாக்காத. ஒவ்வொரு டியூட்டி ஆரம்பத்துலயும் ஓவர் எடுத்ததும் அஞ்சு நிமிஷம் எல்லா பெட்டையும் நடந்து பாத்துடு, யாரு இன்னிக்கு ராத்திரி மோசமாகக்கூடும்னு ரெண்டு மூணு பேர குறிச்சுக்க, அவங்கள முதல்ல பாரு, மத்தவங்க கொஞ்சம் காத்திருக்கலாம். மூச்ச ஒரு முழு நிமிஷம் எண்ணு, எல்லாரும் 20ன்னு எழுதிட்டு போறது அதத்தான், ஆனா உடம்பு கெடப் போறத பல நேரம் பிபிக்கு முன்னாடி மூச்சுதான் காட்டிக் குடுக்கும். பூச்சிமருந்து குடிச்ச கேஸ் வந்தா அட்ரோபின் ஓடும்போது நெஞ்சுல சளிச் சத்தம் அடங்குதா, நாடி எவ்வளவு, கண்ணு பாப்பா விரியுதான்னு நேரம் போட்டு எழுது, நம்ம டெல்டாவுல இத சரியா பாக்கத் தெரிஞ்ச நர்ஸுக்கு எந்த ஆஸ்பத்திரிலயும் மரியாதை உண்டு. டாக்டருக்கு ராத்திரி போன் பண்ணும்போது மன்னிப்பு கேட்டுட்டு ஆரம்பிக்காத, பெட் நம்பர், என்ன வியாதி, எப்ப இருந்து என்ன மாறுச்சு, இப்ப வைட்டல்ஸ் என்ன, நீங்க வந்து பாக்கணும், இந்த வரிசையில சொல்லு. வரலன்னா எத்தன மணிக்கு கூப்பிட்ட, என்ன சொன்னாருன்னு எழுதி வை. தனியா சமாளிக்க முடியாத எண்ணிக்கை வந்தா நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு ஒரு தாள்ல எழுதிக் குடுத்து காப்பி வெச்சுக்க.

வயித்த கலக்குது, அழுகை வருதுன்னு எழுதியிருக்க. அதோட சாப்பாடு இறங்காம, லீவு நாள்லயும் தூக்கம் வராம, வாழ்ந்து என்ன ஆகப் போகுதுங்குற மாதிரி நெனப்பு வந்தா அடுத்த வேலை கிடைக்கிற வரைக்குமெல்லாம் காத்திருக்க வேணாம், அன்னிக்கே லீவு போட்டுட்டு வீட்ல சொல்லு, 14416, டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு போன் போடு, தமிழ்லயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பாங்க. அப்படி ஒரு நெலமைன்னா வேலை கையில இல்லாம விட்டாலும் தப்பே இல்ல.

அப்பாகிட்ட பேசுறதுக்கு முன்னாடி பேங்க்குக்கு ஒரு தடவ நேர்ல போயிட்டு வா. படிப்பு லோனுக்கு பெரும்பாலும் படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை ஆரம்பிக்காது, உனக்கு எந்த மாசம் ஆரம்பிக்குது, மாசம் எவ்வளவு வரும், நீட்டிச்சுத் தருவாங்களான்னு மேனேஜர்கிட்ட கேட்டு எழுதிட்டு வா. மேட்டூர்ல தண்ணி எப்ப தொறப்பாங்க, கொள்முதல் நிலையத்துல நெல்லு எப்ப எடுப்பாங்கன்னு தேதி பாத்து குடும்பத்த நடத்துற மனுஷன், அவருக்கு உன் அழுகைய மட்டும் சொன்னா ராத்திரி தூங்க மாட்டாரு. தேதியும் தொகையும் சொல்லு, இந்த மாசம் விண்ணப்பம் போடுறேன், ஆர்டர் வந்தப்புறம்தான் இங்க எழுதிக் குடுப்பேன், நடுவுல சம்பளம் நிக்காதுன்னு சொல்லு. அம்மாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்க, ஊசி குத்துனத அவங்ககிட்ட நீ இன்னும் சொல்லலன்னு நெனக்கிறேன், அதையும் அன்னிக்கே சொல்லிடு.